அரை மணி நேர மாத்திரையும் ஆறு வார மாத்திரையும்

1. "டாக்டர், அந்தச் சின்ன மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க. அதைப் போட்டாதான் மனசு அடங்குது."

அரசு மருத்துவமனை ஓபியில் உட்காரும் எந்த மருத்துவரைக் கேட்டாலும் இந்த வசனத்தைச் சொல்வார். அந்தச் சின்ன மாத்திரை பெரும்பாலும் அல்ப்ரசோலாம், இல்லையென்றால் குளோனசெபாம்.

அதே நபருக்கு எஸ்சிட்டலோப்ராம் எழுதிக் கொடுத்தால், பத்தாவது நாள் வந்து "இது கேட்கல டாக்டர், நானே நிறுத்திட்டேன்" என்பார்.

2. கேட்பது போலத் தோன்றும் மாத்திரை நீண்ட நாள் சிகிச்சைக்கு ஏற்றதல்ல. கேட்காதது போலத் தோன்றும் மாத்திரை சோதனையில் தேறி வந்தது.

ஒரு மாத்திரை நமக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்பதை அதைப் போட்டவரின் அரை மணி நேர அனுபவத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று இந்த இழையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

நான் மனநல மருத்துவர் இல்லை. பொது ஓபி பார்க்கும் எம்பிபிஎஸ் மருத்துவர். ஆனால் பதற்ற நோயாளிகள் முதலில் வந்து நிற்பது எங்களைப் போன்றவர்கள் முன்னால்தான்.

3. முதலில் நோயைப் பார்ப்போம். "எல்லாருக்கும்தான் டென்ஷன் இருக்கு, இதுல என்ன நோய்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

பரீட்சைக்கு முந்தின நாள் வயிறு கலக்குவது நோயல்ல. பொதுப் பதற்றக் கோளாறு வேறு. வேலை, பிள்ளைகள், கடன், உடம்பு என்று ஒன்று மாற்றி ஒன்றாகக் கட்டுப்படுத்த முடியாத கவலை. பெரும்பாலான நாட்கள், குறைந்தது 6 மாதங்கள்.

கூடவே இந்த ஆறில் மூன்றாவது இருக்க வேண்டும்: நிலைகொள்ளாமை, சீக்கிரம் சோர்ந்துபோவது, கவனம் நிற்காதது, எரிச்சல், தசை இறுக்கம், தூக்கக் கெடுதல். இதனால் அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்பட வேண்டும்.

4. ஆனால் நம்ம ஊரில் யாரும் "எனக்குக் கவலையா இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடப்பு, கழுத்து வலி, வயிற்றுப் பொருமல், கை கால் நடுக்கம், "உடம்பெல்லாம் என்னமோ பண்ணுது". இப்படித்தான் வருவார்கள்.

இசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து, எல்லாம் நார்மல் என்று வந்ததும் "உனக்கு ஒண்ணுமில்லம்மா, மனசைத் தைரியமா வெச்சுக்கோ" என்று அனுப்பிவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்குத் தூக்கம் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, ஆஸ்துமா மருந்துகள், நாளைக்கு எட்டு டீ, குடியை நிறுத்திய முதல் நாட்கள் ஆகியவையும் இதே படபடப்பைத் தரும். அதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

5. அடுத்த கேள்வி. சுகருக்கு ரத்தம் எடுக்கலாம். பிபிக்குப் பட்டையைச் சுற்றலாம். பதற்றத்தை எதை வைத்து அளப்பது?

1959-ல் மேக்ஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் ஒரு அளவுகோலை வெளியிட்டார். 14 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். மொத்தம் 56. நோயாளியோடு பேசி, பயிற்சி பெற்றவர் மதிப்பெண் போடுவார். இன்றுவரை பதற்ற மருந்துச் சோதனைகளில் பெரும்பாலானவை இந்த அளவுகோலில்தான் நடக்கின்றன.

சாதாரண ஓபிக்கு 2006-ல் வந்த ஜிஏடி-7 போதும். ஏழு கேள்வி, இரண்டு நிமிடம். 21-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் கூடுதலாக விசாரிக்க வேண்டும்.

6. சரி, அளவுகோல் இருக்கிறது. நூறு பேருக்கு மாத்திரை கொடுத்து, மதிப்பெண் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாமா?

முடியாது. பதற்றம் ஏறி இறங்கும் நோய். மனிதர்கள் அது உச்சத்தில் இருக்கும்போதுதான் மருத்துவரைத் தேடி வருவார்கள். உச்சத்துக்குப் பிறகு எதுவும் செய்யாவிட்டாலும் கொஞ்சம் இறங்கும். இறங்கும் நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் போய்விடும். கஷாயமாக இருந்தால் கஷாயத்துக்கு, கயிறாக இருந்தால் கயிற்றுக்கு.

7. இரண்டாவது காரணம், கவனிப்பு. சோதனையில் சேர்ந்தவரை வாரா வாரம் ஒருவர் உட்காரவைத்து "எப்படி இருக்கீங்க, தூங்கினீங்களா" என்று அரை மணி நேரம் கேட்கிறார். வீட்டில் யாருமே கேட்காத கேள்வி அது. அதற்கே பாதி பாரம் இறங்கிவிடும்.

மூன்றாவது, நம்பிக்கை. "மருந்து போட்டிருக்கிறேன், சரியாகிவிடும்" என்ற எண்ணமே படபடப்பைக் குறைக்கும். இதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம். மூளை வேலை செய்யும் விதமே அப்படித்தான்.

8. இந்த மூன்றையும் கழித்துவிட்டு, மருந்துக்கென்று எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கத்தான் வெற்று மாத்திரை, அதாவது பிளாசிபோ. பார்க்க அச்சு அசலாக மருந்து போலவே இருக்கும். உள்ளே மருந்து இருக்காது.

யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் முடிவாகும். நோயாளிக்கும் தெரியாது, மதிப்பெண் போடும் மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு அணிக்கும் ஒரே கவனிப்பு, ஒரே அரை மணி நேரப் பேச்சு. கடைசியில் மறைப்பை விலக்கிப் பார்க்கும்போது மருந்து அணி முந்தியிருந்தால்தான் மருந்துக்கு மார்க்.

9. இப்படிச் சோதிக்காமல் அவசரப்பட்டால் என்ன ஆகும்? வரலாறு இருக்கிறது.

1955-ல் அமெரிக்காவில் மெப்ரோபமேட் என்ற மாத்திரை மில்டவுன் என்ற பெயரில் வந்தது. போட்டால் மனசு லேசாகும். கடைகளில் ஸ்டாக் நிற்காத அளவுக்கு விற்றது. பிறகுதான் தெரிந்தது, அதற்கு அடிமையாகிறார்கள் என்று.

அதற்கு மாற்றாக வந்தவை பென்சோடயசெபைன்கள். 1960-ல் லிப்ரியம், 1963-ல் வேலியம். "இது பாதுகாப்பானது" என்றார்கள். அதிக டோஸில் உயிர் போகும் ஆபத்தைப் பொறுத்தவரை பழசைவிடப் பாதுகாப்புதான். ஆனால் விட முடியாமல் போகும் சிக்கல் இதிலும் இருந்தது. நம் அல்ப்ரசோலாமும் குளோனசெபாமும் இதே குடும்பம்.

2020-ல்கூட அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் குடும்பம் முழுவதற்கும் அடிமைத்தனம், நிறுத்தும்போது வரும் விளைவுகள் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. முதல் மாத்திரை வந்து அறுபது வருஷம் கழித்து.

10. இப்போது இந்த இழையின் முக்கியமான சோதனைக்கு வருகிறேன். 1993-ல் அமெரிக்காவில் கார்ல் ரிக்கல்ஸ் குழு வெளியிட்டது. பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 230 பேர், 8 வாரம், நாலு அணி. ஒன்றுக்கு டயசெபாம், அதாவது வேலியம். இன்னொன்றுக்கு இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து. மூன்றாவதுக்கு டிரசோடோன். நாலாவதுக்கு வெற்று மாத்திரை.

முதல் இரண்டு வாரம் டயசெபாம்தான் முன்னணி. உடம்பின் படபடப்பை மளமளவென்று இறக்கியது. அன்றைக்கு ஓட்டெடுப்பு வைத்திருந்தால் டயசெபாமுக்குத்தான் எல்லா ஓட்டும்.

மூன்றாவது வாரத்திலிருந்து ஆட்டம் மாறியது. கவலை, பயம், எதிர்பார்ப்புப் பதற்றம் போன்ற மனசு சார்ந்த அறிகுறிகளில் இமிப்ரமின் முந்தியது.

11. சோதனையைக் கடைசிவரை முடித்தவர்களில் நன்றாகத் தேறியவர்கள்: இமிப்ரமின் 73%, டிரசோடோன் 69%, டயசெபாம் 66%, வெற்று மாத்திரை 47%.

அந்த 47-ஐ இன்னொரு முறை பாருங்கள். மருந்தே இல்லாத மாத்திரையைப் போட்டவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறியிருக்கிறார்கள். "எங்க மூலிகைப் பொடியில் நூற்றுக்கு ஐம்பது பேருக்கு நரம்புத் தளர்ச்சி, பயம், பதட்டம் குணம்" என்று யாராவது வீடியோ போட்டால், அவர் பொய் சொல்லாமலும் இருக்கலாம். அந்த ஐம்பதில் பொடிக்கு எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி. அதைச் சோதிக்காமல் அவருக்கே தெரியாது.

12. உடனடி மாத்திரையின் உண்மையான பொறி எங்கே இருக்கிறது தெரியுமா? அதை நிறுத்தும் இடத்தில்.

தினமும் போட்டால் சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகிவிடும. ஒருநாள் விட்டால் படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை. முன்பைவிட அதிகமாகக்கூட வரும். போட்டவர் என்ன நினைப்பார்? "பார்த்தியா, மாத்திரை இல்லைன்னா நோய் திரும்புது. அப்போ இதுதான் எனக்குச் சரியான மருந்து." மறுபடி ஒன்று போடுவார். அரை மணியில் அடங்கும். நம்பிக்கை இன்னும் இறுகும்.

மருந்து விட்டதால் வந்த படபடப்பையே அதே மருந்து அடக்குகிறது. நடுவில் நோய் எங்கே நிற்கிறது என்பதை நோயாளியாலும் பார்க்க முடியாது, மருத்துவராலும் பார்க்க முடியாது.

13. வயதானவர்களுக்கு இதில் தடுமாற்றம், கீழே விழுதல், மறதி கூடும். மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கலாம்.

இதைப் படித்துவிட்டு ஒரு காரியம் மட்டும் செய்யாதீர்கள். மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர் இன்றைக்கே தூக்கி எறியக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவரிடம் சொல்லி, வாரக்கணக்கில், சில பேருக்கு மாதக்கணக்கில், படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும்.

இது கெட்ட மருந்து என்றும் நான் சொல்லவில்லை. வலிப்பு நிற்காதவருக்கும், மது நிறுத்தத்தில் நடுங்குபவருக்கும் உயிர்காக்கும் மருந்து. பதற்றத்துக்கும் முதல் 2 முதல் 4 வாரங்கள் துணைக்கு வரலாம். நிரந்தரக் குடித்தனம்தான் கூடாது.

14. அப்படியானால் சோதனையில் தேறியது எது? 2019-ல் லான்செட் இதழில் 89 சோதனைகளை, 25,441 நோயாளிகளின் விவரத்தைச் சேர்த்து ஒரு பெரிய அலசல் வந்தது. டுலாக்சடின், பிரிகாபலின், வென்லாபாக்சின், எஸ்சிட்டலோப்ராம் ஆகிய நாலும் வெற்று மாத்திரையை முந்தின. நோயாளிகள் ஓரளவு தாங்கிக்கொண்டவையும்கூட. பென்சோடயசெபைன்களும் மதிப்பெண்ணைக் குறைத்தன, ஆனால் பாதியில் விட்டுப் போனவர்கள் அதிகம்.

15. ரொம்பப் பெருசா நினைச்சுக்காதீங்க. 2025-ல் வந்த காக்ரேன் ஆய்வு மனச்சோர்வு மருந்துகளை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்கு இது: 7 பேருக்குக் கொடுத்தால், வெற்று மாத்திரையில் தேறியிருக்கக்கூடியவர்களுக்கு மேல் கூடுதலாக ஒருவர் தேறுவார்.

"ஏழில் ஒன்றுதானா?" என்று தோன்றும். மருத்துவத்தில் இது நல்ல கணக்கு. மாரடைப்பைத் தடுக்க நாம் தினமும் எழுதும் பல மாத்திரைகளுக்கு இதைவிடப் பெரிய எண்தான் வரும். அந்தக் கூடுதல் ஒருவர் உங்கள் அம்மாவாக இருந்தால் வீட்டின் நிலவரமே மாறும்.

16. எவ்வளவு நாள் போட வேண்டும்? அதையும் சோதித்திருக்கிறார்கள். 2006-ல் வெளியான ஒரு ஆய்வில், எஸ்சிட்டலோப்ராமில் 12 வாரத்தில் தேறிய 375 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி அதையே தொடர்ந்தது. மறுபாதி, தங்களுக்குத் தெரியாமலே, வெற்று மாத்திரைக்கு மாறியது.

மாறியவர்களில் 56% பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 19%.

"நல்லாயிட்டேன், நிறுத்திட்டேன்" என்று இரண்டாவது மாதம் நிறுத்துபவர்களுக்கு நான் சொல்லும் எண் இதுதான். தேறிய பிறகும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும்.

17. ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். திரும்பியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் திரும்பியது, எத்தனை பேருக்கு மருந்தை விட்டதால் வந்த தொந்தரவு நோய் போலத் தெரிந்தது? இந்த மருந்துகளையும் சட்டென்று விட்டால் தலைச்சுற்றல், எரிச்சல், பதற்றம் வரும். இந்தச் சந்தேகத்தை ஆய்வாளர்களே எழுப்புகிறார்கள்.

இன்னொன்று, பெரும்பாலான சோதனைகள் 8 முதல் 12 வாரம்தான். நம் ஓபியில் வருபவரோ வருஷக்கணக்கில் போடப் போகிறவர்.

18. சோதனையில் யாரைச் சேர்க்கிறார்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் வேறு நோய் அதிகம் இல்லாதவர்களை. மனச்சோர்வு தீவிரமாக இருந்தால் வேண்டாம், குடி இருந்தால் வேண்டாம், தற்கொலை எண்ணம் இருந்தால் வேண்டாம்.

நம் வரிசையில் நிற்பவர் யார்? சுகர் இருக்கிறது, பிபி இருக்கிறது, முட்டி வலிக்கு மாத்திரை ஓடுகிறது, கூடவே மனச்சோர்வு, வீட்டில் குடிக்கும் கணவர், கழுத்தில் குழுக்கடன். இவரை யாரும் சோதித்ததில்லை. ஆனால் சோதனை முடிவு இவருக்குத்தான் வந்து சேர்கிறது.

19. "எல்லாம் மருந்துக் கம்பெனி காசு சார், ஆராய்ச்சியை எப்படி நம்புறது?" என்று பின்னூட்டம் வரும். பாதி நியாயம்.

அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவான பதற்ற நோய்ச் சோதனைகள் 57-ஐ எடுத்து 2015-ல் ஒரு குழு ஆராய்ந்தது. அமைப்பின் கணக்கில் 41 சோதனைகள்தான், அதாவது 72%, மருந்துக்குச் சாதகம். ஆனால் இதழ்களில் கட்டுரையாக வந்த 45-ல் 43, அதாவது 96%, சாதகம் என்று எழுதியிருந்தன. தோற்ற மேட்ச் பலதும் பேப்பரில் வரவேயில்லை, இல்லை வென்றதாக வந்தது.

ஆனால் இந்தக் குட்டை உடைத்ததும் ஆராய்ச்சிதான். சோதனையை நம்ப முடியவில்லை என்று சோதிக்காத பொடிக்குப் போவது, தராசில் கள்ளம் இருக்கிறது என்று கண்ணால் எடை போடுவது மாதிரி. தராசைச் சரிசெய்யச் சொல்வதுதான் முறை. இந்தியாவில் 2009 முதல் மருந்துச் சோதனைகளை ஆரம்பிக்கும் முன்பே தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். யாரும் இணையத்தில் பார்க்கலாம். தோற்றதை ஒளிப்பது கஷ்டமாவது இப்படித்தான்.

20. "போதைப் பொருள் எல்எஸ்டி பதட்டத்தைக் குணப்படுத்துதாம்" என்ற பார்வேர்ட் உங்களுக்கும் வந்திருக்கும். 2025-ல் அமெரிக்காவில் 198 பேரிடம் நடந்த சோதனை அது. ஒரே ஒரு டோஸ். அதிக அளவு வாங்கியவர்களுக்கு 4 வாரத்தில் மதிப்பெண் வெற்று மருந்தைவிட நன்றாகக் குறைந்தது. உண்மை.

ஆனால் எட்டாவது பதிவை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். யாருக்கு எது என்று தெரியக் கூடாது. கண்முன் வண்ணங்கள் ஓடுபவருக்குத் தான் எதை விழுங்கினோம் என்று தெரியாமலா இருக்கும்? மறைப்பு கிழிந்த சோதனையில் நம்பிக்கையைக் கழிப்பது கடினம். பெரிய சோதனைகள் முடியட்டும். இந்தியாவில் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் பொருள். வீட்டில் முயற்சி செய்யும் விஷயமே இல்லை.

21. என் கோரிக்கை இதுதான். பதற்றத்துக்குப் புது மருந்து தேடுவது கம்பெனிகளின் வேலை. ஏற்கெனவே இருக்கும் விலை குறைந்த மருந்துகளை, நம் ஓபி வரிசையில் நிற்பவர்களிடம், இரண்டு மூன்று வருஷத்துக்குச் சோதிப்பது அரசு மருத்துவக் கல்லூரிகளின் வேலையாக இருக்க வேண்டும். எப்போது நிறுத்தலாம், எவ்வளவு மெதுவாகக் குறைக்கலாம், மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்தால் என்ன ஆகும்? இதற்கெல்லாம் காப்புரிமை கிடைக்காது. அதனால் கம்பெனி செய்யாது.

22. "எங்களை எலியாக்கப் பார்க்கிறீங்களா?" என்ற பயம் வரும். பழைய கதைகளைக் கேட்டவர்களுக்கு வரத்தான் செய்யும்.

2019-ன் புதிய விதிகளின்படி, உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். அந்தக் குழுவில் மருத்துவம் சாராத சாதாரண மனிதரும் இருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. சோதனையால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். சம்மதப் படிவம் இல்லாமல், பின்தொடர்தல் இல்லாமல், மருந்துக் கடையில் அட்டை அட்டையாக வாங்கி ஐந்து வருஷம் அல்ப்ரசோலாம் போடுவதும் ஒரு சோதனைதான். முடிவை யாரும் எழுதிவைக்காத சோதனை.

23. கடை என்றதும் ஒன்று. அல்ப்ரசோலாம் எச்1 அட்டவணை மருந்து. சீட்டு இல்லாமல் தரக் கூடாது. தந்தால் எழுதியவர் பெயர், நோயாளி பெயர், எண்ணிக்கை எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். "அண்ணே, அந்தத் தூக்க மாத்திரை ரெண்டு கொடுங்க" என்று கேட்டதும் ஒரு கடையில் கிடைத்தால், அந்தக் கடை உங்களுக்கு உதவி செய்யவில்லை.

24. இன்னொரு விஷயத்தை அவசியம் கவனியுங்கள். எஸ்சிட்டலோப்ராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது நம் நாட்டில் சர்வசாதாரணம். ஒன்று மாதக்கணக்கில் எடுக்க வேண்டியது. மற்றது சில வாரத்தில் விட வேண்டியது. இரண்டையும் ஒட்டி வைத்தால் ஒன்றை மட்டும் எப்படிக் குறைப்பீர்கள்?

இதைப் போடுபவராக இருந்தால், அடுத்த முறை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்: "டாக்டர், இதை எனக்குத் தனித்தனியா எழுதித் தர முடியுமா?" மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. நல்ல மருத்துவர் சந்தோஷப்படுவார்.

25. சிகிச்சை ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு:

முதல் இரண்டு வாரம் குமட்டல், தலைவலி, தூக்க மாற்றம், ஏன் படபடப்பே கொஞ்சம் கூடுவதும் உண்டு. பெரும்பாலும் அடங்கிவிடும். பயந்து நிறுத்த வேண்டாம், கூப்பிட்டுக் கேளுங்கள்.

பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகலாம். பத்து நாளில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

தாம்பத்திய ஆர்வம் குறையலாம். வெட்கப்படாமல் சொல்லுங்கள், மாற்று வழி இருக்கிறது.

25 வயதுக்குக் கீழே இருப்பவர்களை ஆரம்ப வாரங்களில் வீட்டார் கூர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் உடனே மருத்துவமனை.

கர்ப்பமாக இருந்தாலோ, திட்டமிட்டாலோ, பாலூட்டினாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

26. மாத்திரை மட்டும்தான் வழி என்றும் இல்லை. சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சையும் சோதனையில் தேறியதுதான். கவலையைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கக் கற்றுத் தரும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காசு கிடையாது. டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

27. அரை மணி நேரத்தில் கிடைக்கும் நிம்மதியை நான் குறைத்துப் பேசவில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் அந்த ராத்திரிக்கு உதவுவது வேறு, அடுத்த வருஷ வாழ்க்கைக்கு உதவுவது வேறு. இரண்டாவதைக் கண்டுபிடிக்க நம்மிடம் இருக்கும் ஒரே நேர்மையான வழி, மறைத்துவைத்துச் செய்யும் சோதனை. குறைகளோடு இருந்தாலும் அதுதான் வழி.

வீட்டில் மருந்து டப்பாவைத் திறந்து அந்தச் சின்ன மாத்திரையின் பெயரை ஒருமுறை படித்துப் பாருங்கள். எத்தனை மாதமாக ஓடுகிறது என்று கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கோடு மருத்துவரிடம் வாருங்கள். திட்ட மாட்டோம். மெதுவாக இறக்கிவைக்க வழி இருக்கிறது.